நான்காம் நிலையில் மூன்று கட்டங்கள்

கண்ணைத் திறக்கக் கூடாது, முக்கால் மணி நேரம் ஆகும், நடுவில் இன்னும் இரண்டு தரம் சொட்டு விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணின் செருப்புச் சத்தம் வராந்தாவின் கடைசிவரை போய் நின்றது. பதினெட்டு அடி. அம்சவேணி எண்ணியிருந்தாள். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, அதுவாக எண்ணிக்கொண்டது. முப்பத்தெட்டு வருஷமாகக் கிராப் தாளில் கட்டம் எண்ணுகிறவளுக்குப் படியேறினாலும் எண்ணிக்கை, அரிசி களைந்தாலும் எண்ணிக்கை. காஞ்சிபுரத்தில் துளசிங்கத்தின் டிசைன் கூடத்தில் பட்டுப்புடவைக்குப் படம் போடுகிறவள் அவள். பெரிய தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் ஓர் இழை. எந்தக் கட்டத்தில் அவள் சிவப்பு மை வைக்கிறாளோ அந்த இடத்தில் அட்டையில் ஓட்டை குத்துவார்கள், ஓட்டை விழுந்த இடத்தில் தறியில் ஜரிகை மேலே வரும். யானை, அன்னம், மாங்காய் எல்லாமே அவளுக்குக் கட்டம்தான். கொஞ்ச நேரம் முன்னால் அந்தச் செருப்புப் பெண் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாளைக் கொடுத்தாளே, அதுவும் கட்டம் போட்ட தாள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணாஸ்பத்திரியில் வந்து கிராப் தாளைக் கையில் கொடுப்பார்கள் என்று யார் நினைத்தது? 'நடுப்புள்ளிய மட்டும் பாருங்கம்மா, கோடெல்லாம் நேரா இருக்கா, எங்கயாச்சும் வளையுதா?' என்றாள் பெண். 'நேரா இருக்கு' என்றாள் அம்சவேணி. புள்ளியே தெரியவில்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஈர விரலால் தேய்த்த மாதிரி ஒரு கலங்கல், அதைச் சுற்றிக் கோடுகள் வயிறு தள்ளிக்கொண்டு நின்றன. ஆனால் கட்டத்தாளில் கோடு எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது? நேராகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் அது பொய்யில்லை. பெண் எதையோ எழுதிக்கொண்டாள். அந்தப் பேனாச் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. 'யம்மா, கண்ணத் தொறக்காத, தலையப் பின்னால சாச்சுக்கோ' என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தேவகி. ஒரகடத்துக் கம்பெனியில் ஒரு ஷிப்டு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். 'தொறக்கலடி' என்றாள் அம்சவேணி. 'இமை துடிக்குது பாரு.' 'துடிச்சா தொறந்ததா அர்த்தமா? உன் வேலையப் பாரு.'

இந்தப் பக்கத்து நாற்காலியில் யாரோ ஒருத்தி, குரலை வைத்துப் பார்த்தால் பெருத்த உடம்பு, வெற்றிலை போட்ட வாய், வாலாஜாபாத்திலிருந்து வருவதாகவும் பெயர் மங்காத்தா என்றும் கேட்காமலே சொல்லியிருந்தாள். 'இன்னாம்மா உனக்கு, புரையா?' 'தெரியல.' 'புரைன்னா பயமே இல்ல. எங்க ஊட்டுக்காரருக்குப் போன வருசம் எடுத்தாங்க. கட்டு அவுத்த அன்னிக்கு என் மூஞ்சியப் பாத்துட்டு, இதுக்கா கண்ணு கேட்டேன்னாரு.' வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கும் பெண்கள். தேவகியும் சிரித்தாள். மங்காத்தாளுக்கு இடம் கிடைத்துவிட்டது. 'ஏகாம்பரநாதர் ஊர்ல இருந்துக்கினு கண்ணுக்கு ஏன் கவலப்படற? யாரோ ஒரு நாயனாருக்கு ரெண்டு கண்ணும் போயி, இங்க வந்து அழுது, சாமி எடது கண்ணக் குடுத்துச்சாமே.' அம்சவேணிக்கு எரிச்சல் வந்தது. எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். இடது கண்ணைக் கொடுத்தார், சரி, வலது கண்ணுக்குத் திருவாரூர் வரைக்கும் நடக்கவிட்டாரே. அதுவுமில்லாமல் காமாட்சியம்மா விளையாட்டுக்குச் சாமியின் கண்ணைப் பொத்தினாள், உலகமே இருட்டிப்போனது, அந்தப் பாவம் தீரத்தான் இங்கே மாமரத்தடியில் வந்து மணலைப் பிடித்து வைத்துத் தவம் இருந்தாள் என்று சொல்கிற ஊர் இது. விளையாட்டுக்குப் பொத்தினதற்கே தவம். இவளுக்கும் இடது கண் மட்டும்தான். வலது கண் பன்னிரண்டு வயதில் போனது, வைகாசி கருடசேவையன்று, வரதர் கோபுரவாசலில் கருடன்மேல் வெளியே வருகிற அந்த ஒரு நிமிஷத்தில். ஊரே கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, வாணத்தின் குச்சி ஒன்று திரும்பி வந்து இறங்கியது. வலியைவிட அந்த வெளிச்சம்தான் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் பலகை தெரியவில்லை, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், பின்னாலிருந்து பையன்கள் 'சுக்கிராச்சாரி' என்றார்கள், ஏழாவது பாதியோடு நின்றாயிற்று. அப்பா டிசைன் கூடத்தில் கொண்டுபோய்விட்டார். ஒற்றைக்கண் பெண்ணுக்குக் கட்டம் நிரப்புகிற வேலையா என்று அப்போது பெரிய முதலாளி சிரித்தாராம். அந்த ஒற்றைக் கண்ணால் முப்பத்தெட்டு வருஷம், ஒரு கட்டம் தப்பினதில்லை. அம்சா போட்ட தாளை எண்ணிப் பார்க்க வேண்டாம் என்பது அந்தக் கூடத்தில் பேச்சு. அந்தப் பேச்சுதான் வினையாகப் போயிற்று. எண்ணிப் பார்த்திருக்கலாம். யாராவது ஒருத்தர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

சிங்கப்பூரில் இருக்கிற ஒரு குடும்பத்துக் கல்யாணப் புடவை அது. முந்தானையில் காஞ்சிபுரத்துக் கோயில்கள் வேண்டும், பழைய கோயில்கள், பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்றார்களாம். சாமியைப் போடக் கூடாது, உடுத்துகிற துணி, உட்காருவார்கள், எழுந்திருப்பார்கள், ஆனால் கோபுரம் போடலாம், மண்டபம் போடலாம். துளசிங்கம் தை மாதம் பொங்கல் கழிந்ததும் அவளைக் கூப்பிட்டு, 'அம்சாக்கா, இது உங்க கையால ஆகணும்' என்றார். ஐந்து கோயில். வரதர் கோயில் நூற்றுக்கால் மண்டபம், மூலையில் தொங்குகிற கல்சங்கிலியோடு. காமாட்சி கோயில் குளம். உலகளந்த பெருமாள் கோயில் வாசல். கைலாசநாதர் கோயில் விமானம், அரித்துப்போன மணற்கல் சிங்கங்களோடு. எல்லாவற்றுக்கும் நடுவில் ஏகாம்பரநாதர் ராஜகோபுரம், ஒன்பது நிலை. முந்தானை தோளிலிருந்து முதுகில் விழும்போது கோபுரம் தலைகீழாகத் தொங்கக் கூடாது, அடி கீழேயும் கலசம் மேலேயுமாக நிற்க வேண்டும், அதற்குத் தகுந்தபடி தாளைத் திருப்பிவைத்துப் போட வேண்டும். அதெல்லாம் அவளுக்குக் கைவந்தது. போட்டோவைப் பார்த்துப் போடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. போய்ப் பார்ப்பாள். சன்னதித் தெருவில் நடுவெயிலில் நின்று ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை தூண், எத்தனை மாடம் என்று எண்ணிக்கொண்டு வருவாள். அப்படி நின்ற ஒரு நாள்தான், மாசி மாதம், மகம் கழிந்து இரண்டு நாள் இருக்கும், கோபுரத்தின் நான்காம் நிலை லேசாக வெளியே பிதுங்கி இருந்தது. இடது பக்கம். கோபுரம் விழப்போகிறது என்று நினைத்தாள், உண்மையாகவே நினைத்தாள். பூக்காரியிடம் சொல்லலாமா, யாரிடம் சொல்வது, நூற்றுத் தொண்ணூறு அடிக் கோபுரம், கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். பூக்காரி நிமிர்ந்து கோபுரத்தையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள், 'எத்தினி முழம் வேணும்' என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் அடுப்படிக் கதவு நிலையும் பிதுங்கி இருந்தது. டியூப்லைட் நடுவில் தொய்ந்து தொங்கியது. கோபுரத்துக்கு ஒன்றுமில்லை. அந்த ராத்திரி அவளுக்கு வந்தது நிம்மதியா பயமா என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லத் தெரியவில்லை. கோபுரமே விழுந்திருக்கலாம். அப்படி நினைத்ததற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், இப்போதும் இருட்டில் கை தானாக எழுந்து கன்னத்தைத் தொட்டது. 'இன்னாம்மா?' என்றாள் தேவகி. 'ஒண்ணுமில்ல.'

சூடு என்று நினைத்துக்கொண்டாள். விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டாள், பொன்னாங்கண்ணி தின்றாள், வெள்ளிக்கிழமை விடாமல் தலை முழுகினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தாளைப் பிடுங்கிவிடுவார்கள். நேராகப் பார்த்தால் கட்டம் இல்லை, கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் இருக்கிறது. பார்த்தால் இல்லாதது, பார்க்காவிட்டால் இருப்பது, இது என்ன கூத்து என்று முகத்தைக் கோழி மாதிரி சாய்த்துச் சாய்த்து வைத்துக்கொண்டு போட்டாள். கீழ் மூன்று நிலையும் சுத்தமாக வந்தது. நான்காம் நிலை தாளில் பிதுங்கித் தெரிந்தது. தான் போட்டதுதான் பிதுங்கிவிட்டது என்று எண்ணி, இடது ஓரத்துக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்துச் சரிசெய்தாள். மூன்று கட்டம். இவள் கண்ணுக்கு நேரானது, தாளில் கோணலானது. ஒன்பது நிலைக்கும் நேராக நின்றிருக்க வேண்டிய கோபுரத்தை அவள்தான் தன் கையால் பிதுக்கினாள். கைகொட்டிச் சிரிக்க வேண்டிய விஷயம். நெசவு மாசிலாமணி சிரிக்கவும் சிரித்தார். பங்குனி கடைசியில் மாதிரித் துண்டு தறியிலிருந்து இறங்கினதும் தோளில் போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் விரித்தார். 'அம்சாக்கா, உன் கோபுரத்துக்கு எத்தினியாவது மாசம்? வளைகாப்புக்கு நாள் பாத்துடலாமா?' எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஜரிகைக் கோபுரம் இடுப்புக்கு மேலே வயிறு சரிந்து நின்றது. துளசிங்கம் சிரிக்கவில்லை. தாள் தப்பா, அட்டை தப்பா என்றார். அட்டை குத்துகிறவள் சற்குணம். பத்தொன்பது வருஷமாக அடுத்த மேசை. இவள் சிவப்பு வைத்த இடத்தில் ஓட்டை குத்துவது அவள் வேலை, கூடக் குறையக் கிடையாது. 'தாள் வீட்ல இருக்கு, மீதிக் கோயில முடிக்க எடுத்துட்டுப் போனேன், நாளைக்குக் கொண்டாரேன்' என்றாள் அம்சவேணி. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? அவள் அதை யோசிக்கவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து செய்ததெல்லாம் யோசித்துச் செய்ததுதான். கதவைத் தாழ்போட்டுவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து, முகத்தைச் சாய்த்து, விரலால் கட்டத்தை எண்ணி எண்ணித் தப்பைக் கண்டுபிடித்தாள். பாதி பிளேடால் அந்தச் சிவப்பைச் சுரண்டினாள். மெதுவாக, தாள் கிழியாமல், அப்பளத்தில் ஒட்டின மாவை எடுக்கிற மாதிரி. சரியான இடத்தில் புதிதாக மை வைத்தாள். அவ்வளவு நல்ல வேலையை அவள் அந்த வருஷத்தில் செய்யவில்லை.

மறுநாள் தாளையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தாள் சரி, அட்டை தப்பு. சற்குணம் தாளைக் கையில் வாங்கினாள். வாங்கினவள் பார்க்கவில்லை, விரலால் தடவினாள். இடது ஓரம், நான்காம் நிலை, ஒரு தடவை. சுரண்டின இடம் மெலிந்து போயிருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். அவள் வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. தாளை மேசைமேல் வைத்துவிட்டு, 'நீ போட்ட புள்ளியத்தான் குத்தினேன் அம்சா' என்றாள். குரலை உயர்த்தவில்லை. முதலாளியிடம் சொல்லவில்லை, மாசிலாமணியிடம் சொல்லவில்லை, இவளிடம் சொன்னாள். நீ போட்ட புள்ளியத்தான். அட, ஒரு சத்தம் போட்டிருக்கலாம். தாளைத் தூக்கி எல்லார் முகத்துக்கு நேராகவும் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் அன்றைக்கே அழுது, அன்றைக்கே கண்ணைச் சொல்லி, அன்றைக்கே இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கலாம். எல்லாம் அவளால்தான். இல்லை, அவளால் இல்லை. சித்திரை பிறந்ததிலிருந்து சற்குணம் வரவில்லை. அந்த மேசையில் இப்போது பழைய அட்டைக்கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மீனுக்குப் போகிற வழியில் பிள்ளையார்பாளையத்தில் அவளை ஒரு தரம் பார்த்தாள் அம்சவேணி, யார் வீட்டு வாசலிலோ வடாம் பிழிந்து கொண்டிருந்தாள், கூலிக்கு. பார்த்தாள் என்றால் உடம்பைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல். அதனால் அவள் தன்னைப் பார்த்தாளா என்பதுகூடத் தெரியாது. தேவகிதான் வீட்டில் ஓயாமல், 'சற்குணம் அத்த எப்படித் தப்பா குத்தும்? அது அப்படிக் குத்தாதும்மா, நீ ஒரு வார்த்த பேசலாமில்ல' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கூடத்துக்கு வந்தால் சற்குணத்தின் மடியில்தான் உட்காருவாள், குத்தி விழுந்த அட்டைப் பொட்டுகளை நெற்றியில் ஒட்டிக்கொள்வாள். 'பேசறேன்' என்பாள் அம்சவேணி. ஒவ்வொரு வாரமும் ஒரு தரம் 'பேசறேன்'.

செருப்புச் சத்தம் வந்தது, பதினெட்டு அடி, குளிர்ந்த விரல் இமையைப் பிரித்தது, சொட்டு எரிந்தது, போனது. மங்காத்தாள் பக்கத்தில் யாரிடமோ அத்தி வரதரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்ததையும் மச்சினியைத் தொலைத்ததையும். நாற்பது வருஷம் தண்ணீருக்கடியில் படுத்துக்கிடக்கிற சாமி. அவர் கண்ணைத் திறந்துகொண்டா படுத்திருப்பார், மூடிக்கொண்டா? மரம்தானே, செதுக்கின கண், மூட முடியாது. மேலே பாசி, மேலே தண்ணீர், அதற்கும் மேலே எங்கோ வெயில். அம்சவேணிக்கு மூச்சு முட்டியது. இதே மாதிரி ஒரு தரம் முட்டியிருக்கிறது. தை மாதம்தான், படம் போட ஆரம்பித்த புதிதில், கைலாசநாதர் கோயிலைப் பார்க்க அவளும் சற்குணமும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். கருவறையைச் சுற்றிக் குறுகலாக ஒரு வழி உண்டு அங்கே, பொந்து மாதிரி ஒரு வாசலில் படுத்து நகர்ந்து உள்ளே போய், சுற்றி வந்து, இன்னொரு பொந்து வழியாக வெளியே வர வேண்டும், வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். 'எனக்கு இந்தப் பிறவியே போதும்டி, வா போலாம்' என்று சற்குணம் முன்னால் நுழைந்துவிட்டாள். பின்னால் நுழைந்த அம்சவேணிக்குப் பாதியில் தோள் மாட்டிக்கொண்டது. கன்னத்தில் கல். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கல், வியர்த்த மாதிரி ஈரம், வௌவால் வாடை. முன்னாலும் இருட்டு, பின்னாலும் இருட்டு. கத்தக்கூட வாய் வரவில்லை. 'கையக் குடு அம்சா. மூச்ச வெளிய உடு, ஒடம்பு சின்னதாவும். நான் இருக்கேன், இழுத்துடுவேன்.' இருட்டிலிருந்து ஒரு கை வந்தது, ஆள்காட்டி விரலில் அட்டை குத்திக் குத்திக் காய்த்த மேடு. அந்த விரல்தான். அந்த விரல்தான் மூன்று மாதம் கழித்து அந்தத் தாளைத் தடவியது. வெளியே வந்ததும் இரண்டு பேரும் புடவையில் மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பு, காவல்காரர் வந்து 'கோயில்மா இது' என்றார். எந்தச் சிங்கத்தின் காலடியில் நின்று சிரித்தோம்? மூக்கு அரித்துப்போன சிங்கம். அரித்துப்போன முகங்களைக் கட்டத்தில் போடுவது கஷ்டம், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. 'முகத்த உட்டுடு, உடம்பப் போடு, பாக்கறவங்க முகத்த நெனச்சிக்குவாங்க' என்று சற்குணம்தான் சொன்னாள். அப்படித்தான் இப்போது எல்லா முகங்களும் இருக்கின்றன. தேவகியின் முகம்கூட. மகளுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று காலையில் அவளுக்குச் சட்டென்று வரவில்லை.

'அம்சவேணி யாரும்மா, உள்ள வாங்க.' தேவகி கையைப் பிடித்து எழுப்பினாள். கண்ணைத் திறந்தால் எல்லாம் சுண்ணாம்பு கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது. 'பயப்படாதம்மா, ஏகாம்பரநாதா' என்று மங்காத்தாள் பின்னாலிருந்து பொதுவாகச் சொன்னாள். டாக்டர் சின்னப் பெண், குரலில் ஜலதோஷம். மோவாயை ஓர் இரும்பில் வைக்கச் சொன்னாள், நெற்றியை இன்னொன்றில். மேலே பாருங்கள், கீழே பாருங்கள், என் காதைப் பாருங்கள். வெளிச்சம் உள்ளே வந்தது. கருடசேவை வெளிச்சம். 'கட்டம் போட்ட தாள் காட்டினாங்களே, எல்லாம் நேரா இருந்துதுன்னு எழுதியிருக்கே?' 'ஆமா.' 'உள்ள பாத்தா அப்படி இருக்க வாய்ப்பில்லயேம்மா.' அம்சவேணி வாயைத் திறந்தாள், நேராகத்தான் என்று சொல்வதற்காகத்தான் திறந்தாள். மோவாய்க்குக் கீழே இரும்பு குளிர்ந்தது. நகர முடியாமல் தலை மாட்டிக்கொண்டிருந்தது. மூச்சை வெளியே விட்டாள். 'நடுப்புள்ளி இல்ல' என்றாள். 'புள்ளிக்கு எடது பக்கம் மூணு கட்டம் வெளிய தள்ளி நிக்கும். அதுக்கு மேல நாலு வரிசைக்கும் கீழ ரெண்டு வரிசைக்கும் அப்படியே போவும், அப்பறம் தானா சேந்துக்கும்.' டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். 'இவ்ளோ கணக்கா யாரும் சொன்னதில்லம்மா. எப்பலேர்ந்து இப்படி?' அம்சவேணி பேசுவதற்குள் தேவகி, 'பத்து நாளாத்தான் டாக்டர், போன வாரந்தான் எங்கிட்ட சொன்னாங்க' என்றாள். 'பத்து நாள்னா நல்லது. கண்ணுக்குள்ள ஊசி போட்டு ஓரளவு காப்பாத்தலாம். ஆனா தழும்பு மாதிரி தெரியுது, பழசுன்னா ஊசி அவ்ளோ கேக்காது. அதனால யோசிச்சு, சரியா சொல்லுங்க.' பத்து நாள். மகளே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டாள், எடுத்துக்கொண்டால் போதும். ஆமாம் என்று தலையாட்டக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது அவளுக்குப் பழகின வேலை. ஆனால் இந்தத் தாளில் சுரண்ட முடியாது என்று தோன்றியது. இந்தப் பெண் உள்ளேயே பார்த்துவிட்டாள். தடவிப் பார்க்கிற விரல்போல அந்த வெளிச்சம் மெலிந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. 'இல்ல' என்றாள் அம்சவேணி. 'மாசி மாசத்துலேர்ந்து. மகம் கழிஞ்சு ரெண்டாம் நாள்லேர்ந்து.' 'மாசியா?' டாக்டர் விரல் விட்டு எண்ணுவது கேட்டது. 'பங்குனி, சித்திரை, வைகாசி, இப்ப ஆனி. நாலு மாசம் ஆச்சேம்மா. முதல் மாசமே வந்திருக்கக் கூடாதா? ஏன் வரல?' பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை, டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டாள். மூன்று ஊசி போட்டுப் பார்ப்போம், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், ஓரப்பார்வை இருக்கும், நடமாடலாம், நுணுக்கமான வேலை மட்டும் இனிமேல் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள். தேவகிதான் மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, 'மாசியா?' என்றாள். அப்புறம், 'மாதிரித் துண்டு பங்குனியிலதானம்மா வந்தது?' என்றாள். அம்சவேணி இரும்பிலிருந்து மோவாயை எடுத்தாள். 'ஆமா' என்றாள்.

வெளியே வந்தார்கள். வராந்தா, பதினெட்டு அடி, அப்புறம் மூன்று படி, அப்புறம் தெரு. பன்னிரண்டு மணி வெயில் சொட்டு மருந்தில் விரிந்துபோன கண்ணுக்குள் அப்படியே இறங்கியது. ஊர் இல்லை. கடைகள் இல்லை, கோபுரம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, மாட்டுவண்டியோ லாரியோ சத்தம் மட்டும், எல்லாம் வெள்ளை, மை வைக்காத தாள். தேவகியின் கை அவள் முழங்கைக்குக் கீழே இருந்தது. படியிலிருந்து இறங்கும் வரைக்கும் இருந்தது. இறங்கினதும் அந்தக் கை ஒரு விநாடி இறுகி, அப்புறம் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆட்டோவைக் கூப்பிடப் போயிருப்பாள். மாத்திரைச் சீட்டைப் பையில் வைக்க எடுத்திருப்பாள். 'தேவகி' என்றாள். பக்கத்தில்தான் நிற்கிறாள், மூச்சு கேட்கிறது, அழுகிற மூச்சு. அம்சவேணி கையை நீட்டவில்லை. கையை நீட்டுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்ததாகச் சொல்ல முடியாது, அப்படியெல்லாம் அவள் நினைக்கவில்லை. தலைக்குள் ஒரு குரல்தான், நீ போட்ட புள்ளியத்தான், நீ போட்ட புள்ளியத்தான் என்று, கோபம்கூட இல்லாமல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பிள்ளையார்பாளையத்தில் இந்த நேரத்துக்கு வடாம் காயவைத்து முடித்து, எங்காவது நிழலில் உட்கார்ந்து கையைத் துடைத்துக் கொண்டிருப்பாள். அவள் வீட்டுக்கு இங்கிருந்து எத்தனை அடி இருக்கும்? எண்ணினது இல்லை. எத்தனையோ தரம் அவள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறாள், கதவு நிலையை எண்ணியிருக்கிறாள், ஜன்னல் கம்பியை எண்ணியிருக்கிறாள், அதை மட்டும் எண்ணினது இல்லை. பக்கத்தில் மூச்சு அப்படியே இருந்தது. கை வரவில்லை. வெள்ளைக்குள் ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தாள் அம்சவேணி. ஒன்று. தரை இருந்தது. இன்னொரு காலை வைத்தாள். இரண்டு.